உடையாத நான்கு பற்கள்

தன் தங்கையின் பல்லைப் பல்செட்டுக்காரர் மூன்றாவது முறையாகச் செய்துகொண்டிருந்தார். முதல் முறை ஒன்று, இரண்டாம் முறை இரண்டு, இப்போது நான்கு. ஒரு பெண் எத்தனை தடவைதான் குளியலறையில் வழுக்கி விழுவாள் என்று நமக்குக் கேட்கத் தோன்றுகிறது. கூடப்பிறந்த அண்ணனுக்கு அது தோன்றாமல் இல்லை, தோன்றியதை வாயோடு வைத்துக்கொண்டார். வாயில் முப்பத்திரண்டு பல்லும் குறையாமல் உள்ள மனிதர் அவர்.

மருந்துக்கடைக்கு மேலே இரண்டு அறைகளில் அவருடைய பட்டறை இருந்தது. முன்னறையில் பிளாஸ்டர் கலக்கும் மேசை, சுவர் முழுக்க வாய் அச்சுகள் அடுக்கிய தட்டுகள். பின்னறையில் பீங்கான் சுடும் உலையும் பாலிஷ் போடும் மோட்டாரும். ஊரில் ஏழெட்டுப் பல் டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புவார்கள். அதில் பிளாஸ்டர் ஊற்றி வாயின் நகலை எடுத்து, அதன்மேல் பல் கட்டி அனுப்புவது இவர் வேலை. முகத்தைப் பார்க்காமலே ஊரில் பாதிப் பேரின் வாய் அவருக்கு அத்துப்படி. யார் தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறார், யார் பேனாவைக் கடிக்கிறார், யார் ஒரு பக்கமாகவே மென்று காலத்தை ஓட்டுகிறார், எல்லாம் அச்சைக் கையில் எடுத்ததும் சொல்லிவிடுவார்.

முதல் தடவை நடந்தது ஐந்து வருடத்துக்கு முன்னால். தங்கையின் முன்பல்லில் ஒரு மூலை போயிருந்தது.

"கதவு இடிச்சிடுச்சுண்ணா," என்றாள்.

"கதவு பொழச்சுக்கிச்சா?" என்று இவர் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளை கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். இவரும் சந்தோஷமாக அந்தப் பல்லின்மேல் மாட்டப் பீங்கானில் ஒரு கேப் செய்து கொடுத்தார்.

இரண்டாம் தடவை இரண்டு வருடத்துக்கு முன்னால். குளியலறை, வழுக்கல். அந்தக் கேப் உடைந்து, பக்கத்துப் பல்லும் பாதியாகியிருந்தது. உடைந்த துண்டை டிஷ்யூ காகிதத்தில் சுற்றி மாப்பிள்ளையே கொண்டுவந்து கொடுத்தார். நிறம் பார்க்க உதவும் என்று எடுத்து வைத்தாராம். அவ்வளவு பொறுப்பு.

அவர்கள் போனபிறகு பல்செட்டுக்காரர் அதை லென்ஸுக்கு அடியில் வைத்துப் பார்த்தார். பீங்கானின் முன்பக்கத்தில் நகத்தளவு நீளத்துக்கு ஒரு மஞ்சள் கோடு இருந்தது. பீங்கான் கோப்பையில் கரண்டி உரசினால் ஒரு சாம்பல் கோடு விழுமே, அதே சமாச்சாரம்தான். உலோகம் மெத்து, பீங்கான் கெட்டி. உரசினால் உலோகம்தான் தேய்ந்து பீங்கானில் ஒட்டிக்கொள்ளும். எஃகு உரசினால் சாம்பல், பித்தளை உரசினால் கொஞ்ச நாளில் கறுக்கும். இது பளிச்சென்ற மஞ்சள். குளியலறைத் தரையில் யாரும் தங்கம் பதிப்பதில்லை.

தங்கையின் உள்ளங்கைகளையும் அவர் கவனித்திருந்தார். வழுக்கி விழுகிற யாரும் கையை ஊன்றாமல் விழுவதில்லை. அவளுடைய கைகளில் ஒரு சிராய்ப்புகூட இல்லை.

மாப்பிள்ளையின் வலது கை மோதிர விரலில் கனமான மோதிரம் ஒன்று உண்டு. கல்யாணத்துக்கு இவரே கடை கடையாக ஏறி இறங்கி, "நல்ல வெயிட்டா காட்டுங்க" என்று கேட்டு வாங்கிப் போட்டது.

லென்ஸிலிருந்து கண்ணை எடுத்தவர், அந்தத் துண்டைப் பின்னறைக்குக் கொண்டுபோய் மோட்டாரைப் போட்டு, சுழலும் சக்கரத்தில் வைத்து அந்தக் கோடு போகும்வரை பாலிஷ் போட்டார். எறியப்போகிற உடைசலுக்கு எவராவது பாலிஷ் போடுவாரா? இவர் போட்டார். போட்டுவிட்டு, கண்ணாடி போல மின்னிய அதைக் குப்பையில் எறிந்தார்.

ஏன் என்று கேட்டால் அவரிடம் காரணங்கள் வரிசையாக இருந்தன. அப்பா அம்மா போன பிறகு தங்கைக்கு எல்லாமே அவர்தான். இந்த வரனைக் கொண்டுவந்ததும் அவர்தான். "இன்னும் கொஞ்ச நாள் பழகிப் பார்க்கலாமே அண்ணா" என்று அவள் இழுத்தபோது, "நான் பார்த்து முடிவு பண்ணா தப்பா போயிடுமா?" என்று அவள் வாயை அடைத்ததும் அவரே. இப்போது போய்க் கேட்டால் அவள் உண்மையைச் சொல்லிவிடுவாள். சொன்னபிறகு சும்மா இருக்க முடியாது. கேட்காதவரை சும்மா இருக்கலாம். சுற்றி வளைப்பானேன், பயந்தாங்கொள்ளித்தனம்தான், வேறொன்றுமில்லை.

மூன்றாவது தடவை மேல்வரிசையில் முன்பல் நான்கும் வேரோடு போயின. அதுவும் வழுக்கல்தான்.

தங்கைக்கு ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர் வேலை. பதினோரு வருடமாக அந்த ஊரில் ரயிலேறியவர் எல்லோருக்கும் அவள் குரல் தெரியும், ஆளைத் தெரியாது. முன்பல் போனால் நாக்குக்கு முட்டுக்கொடுக்க இடம் இல்லை. 'த' வராது, 'ந' வராது. நடைமேடை, தாமதம், வருந்துகிறோம், இந்த மூன்றும் இல்லாமல் ரயில் அறிவிப்பு ஏது? இரண்டு நாள் முயன்று பார்த்தாள். மூன்றாம் நாள் மேலதிகாரி அவளைத் தொலைந்த பொருட்கள் கவுண்டருக்கு மாற்றினார். அங்கே குடைகளுக்கும் பைகளுக்கும் நடுவில் வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு, சீட்டில் எழுதி எழுதிக் காட்டிக்கொண்டிருந்தாள்.

பல் டாக்டரம்மா பார்த்துவிட்டு இம்ப்ளான்ட்தான் வழி என்றார். தாடை எலும்பில் டைட்டானியம் திருகு இரண்டை இறக்கி, எலும்பு அதைக் கவ்விப் பிடிக்க ஐந்து மாதம் விட்டுவிட வேண்டும். பிடித்தபிறகு அந்த இரண்டின்மேல் நான்கு பல் கொண்ட பாலத்தைத் திருகிவிடலாம். கழற்றி மாட்டும் செட் போல ஆடாது, பேச்சு பழையபடி வரும்.

ஐந்து மாதமும் ஒவ்வொரு பரிசோதனைக்கும் மாப்பிள்ளை கூடவே வந்தார். அவள் கைப்பையை அவரே தூக்கிக்கொண்டார். கிளினிக் நர்ஸ்கள் தங்கமான மனுஷன் என்றார்கள். பல்செட்டுக்காரர் தலையை ஆட்டினார்.

எலும்பு பிடித்துவிட்டது என்று படம் எடுத்துப் பார்த்தபின் பாலத்துக்கான அளவும் சீட்டும் வந்தன. சீட்டில் டாக்டரம்மா தெளிவாக எழுதியிருந்தார்: உள்ளே சட்டம், முன்பக்கம் பீங்கான் பூச்சு.

பல்செட்டுக்காரர் சீட்டை ஓரமாக வைத்தார். பிளாஸ்டர் அச்சில் தங்கையின் வாய் வெறுமையாகத் திறந்திருந்தது. இந்தத் தடவை எவன் கை பட்டாலும் உடையாத பல்லைச் செய்வது என்று அவர் முடிவு கட்டினார். பீங்கான் வகையிலேயே மிகக் கெட்டியான ஜிர்கோனியாவில் முழுக்க, ஒரே கட்டியாகக் கடைந்தெடுத்து, பூச்சு இல்லாமல் வெறும் சாயம் மட்டும் தீட்டி. கடைவாயில் கல்லையும் அரைக்கும் ஆளுக்குத்தான் அப்படிச் செய்வார்கள். சீட்டில் இருப்பதற்கு மாறாகச் செய்ய டாக்டரின் அனுமதி வேண்டும். கிளினிக்குக்குப் போனார்.

"முன்பல்லுக்கு எதுக்கு அவ்வளவு கெட்டி?" என்றார் டாக்டரம்மா.

"பூச்சு உதிர்ந்துடும் டாக்டர். இது காலத்துக்கும் உழைக்கும்."

"உதிர்ந்தா திரும்பப் பூசிக்கலாம். உங்களுக்குத் தெரியாததா? முன்னாடி ஒரு அடி பட்டா பல்லுதான் உடையணும். பல்லு உடையலைன்னா அந்த வேகம் அப்படியே திருகு வழியா எலும்புக்குப் போகும். சொந்தப் பல்லா இருந்தா கொஞ்சம் ஆடிக் கொடுக்கும். இது எலும்போட எலும்பா இருக்கு, ஆடாது."

அவருக்குத் தெரியும். இருபத்தாறு வருடத் தொழில், தெரியாமல் என்ன? புதிதாக வேலை கற்க வருகிறவர்களுக்கு அவரே சொல்லிக்கொடுத்த பாடம் அது.

"அடியெல்லாம் எங்க டாக்டர் படப்போகுது," என்றார்.

டாக்டரம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "ஏன், அடி படும்னு நினைக்கிறீங்களா?"

அறையில் அவர்கள் இருவர் மட்டும்தான். கதவு சாத்தியிருந்தது. இதைவிட நல்ல நேரம் மனிதனுக்கு வாய்க்காது. ஆமாம் என்ற ஒரு சொல் போதும், மீதியை அந்தம்மா பார்த்துக்கொண்டிருப்பார்.

"சேச்சே, இல்ல டாக்டர்," என்றார் பல்செட்டுக்காரர். "என் தங்கச்சிக்கு நான் செய்யறது. நல்லதா இருக்கட்டுமேன்னு ஒரு ஆசை, அவ்வளவுதான்."

டாக்டரம்மா கண்ணாடியை எடுத்துத் திரும்ப மாட்டிக்கொண்டார். பிறகு சீட்டை வாங்கித் திருத்தி எழுதிக் கொடுத்தார்.

ஒன்பது நாள் அந்த நான்கு பல்லோடு குடியிருந்தார். வேறு வேலை எதையும் தொடவில்லை. அவளுடைய பழைய சிரிப்பு உள்ள புகைப்படத்தை மேசையில் சாய்த்து வைத்து, இடது பக்கப் பல்லில் பிறவியிலேயே இருந்த சின்னக் கோணலைக்கூட விடாமல் கொண்டுவந்தார். கடைசியாக ஓர் ஓரத்தை இடுக்கியால் தட்டிப் பார்த்தார். கிண்ணென்றது. அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினார்.

பாலத்தைப் பொருத்திய அன்று மாப்பிள்ளையும் இருந்தார். தங்கை கண்ணாடியில் பார்த்தாள். வாயைத் திறந்து, "தாமதமாக," என்றாள். "நடைமேடை. வருந்துகிறோம்." அத்தனையும் சுத்தமாக வந்தன. நர்ஸ் கைதட்டினாள்.

"மச்சான், உங்க கைக்குத் தங்கக் காப்பு போடணும்," என்றார் மாப்பிள்ளை.

அடுத்த வாரம் ஒரு பகல் வேளையில் தங்கை பட்டறைக்கு வந்தாள். தனியாக வந்தாள். அவள் தனியாக அந்தப் படியேறி எத்தனையோ வருடம் ஆகியிருந்தது.

"பின்பக்கம் ஏதோ நாக்குல உரசுதுண்ணா. பாக்கறியா?"

நாற்காலியில் உட்காரவைத்து விளக்கைப் பிடித்துப் பார்த்தார். சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டு, விரலால் ஓரமெல்லாம் தடவினார். வழவழவென்றிருந்தது. உரசுவது பல் இல்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. இருந்தாலும் ரப்பர் முனை போட்டு, இல்லாத ஒரு பிசிறைத் தேய்ப்பதுபோலத் தேய்த்தார்.

அவள் எழுந்திருக்கவில்லை. கைப்பையின் வாரைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தாள். "அண்ணா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். எப்படிச் சொல்றதுன்னுதான்..."

"ஒண்ணும் கவலைப்படாதே," என்று அவர் முந்திக்கொண்டார். வார்த்தை வார்த்தையின்மேல் விழுந்தது. "இது சாதாரணப் பல்லு இல்ல. ஒரே கட்டி. சுத்தியலால அடிச்சாக்கூட உடையாது. இனிமே உனக்கு அந்தப் பயமே வேணாம்."

தங்கை முறுக்கிய வாரை விட்டாள்.

"சுத்தியலா?"

"பேச்சுக்குச் சொன்னேன்."

"என் வாயில யார்ண்ணா அடிக்கப்போறாங்க?"

அவர் ரப்பர் முனையைக் கழற்றித் துடைத்தார். ஏற்கெனவே சுத்தமாயிருந்த தட்டை மறுபடி சுத்தம் செய்தார். "பொதுவா சொன்னேன்ம்மா," என்றார்.

அண்ணனுக்குத் தெரியும் என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. தெரிந்து, யோசித்து, அவர் கண்டுபிடித்த வழி இதுதான் என்பதும் கூடவே தெரிந்தது. அவள் அழவில்லை. கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "சரிண்ணா, நான் வரேன்," என்று சொல்லிவிட்டு ஒவ்வொரு படியாக இறங்கிப் போனாள்.

மறுநாள் அவள் பழையபடி ஒலிபெருக்கி அறைக்குத் திரும்பினாள். பல்செட்டுக்காரர் வேலை மெனக்கெட்டு ரயில் நிலையத்துக்குப் போய், எந்த ரயிலுக்கும் போகாத ஆளாக நடைமேடையில் நின்று கேட்டார். அவள் குரல் தலைக்கு மேலே வந்தது. ஒரு எழுத்து பிசகவில்லை. பக்கத்தில் நின்ற ஒருவரிடம், "அந்தப் பல்லு நான் செஞ்சது," என்று சொல்ல நாக்கு துடித்தது. நல்லவேளை சொல்லவில்லை.

நான்கு மாதம் ஓடியது. ஒரு செவ்வாய்க்கிழமை, சாப்பாட்டு வேளை தாண்டி டாக்டரம்மா போன் செய்தார். பெரிய ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னார். எதற்கு என்று சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை.

அறுவை அறைக்கு வெளியே பெஞ்சில் மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தார். சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டிருந்தார். மடிப்புக்குள் ஏதோ கறை தெரிந்தது. வலது கையைக் கைக்குட்டையால் கட்டியிருந்தார். இவரைப் பார்த்ததும் எழுந்து வந்து தோளைப் பிடித்துக்கொண்டார்.

"பாத்ரூம்ல, மச்சான். நான் எத்தனை தடவை சொல்லியிருக்கேன், செருப்பு போட்டுக்கிட்டுப் போன்னு."

பிறகு பைக்குள் கையை விட்டு ஒரு சின்னப் பிளாஸ்டிக் டப்பாவை எடுத்தார். "விழுந்த இடத்துலயே கிடந்துச்சு. பத்திரமா எடுத்துட்டு வந்துட்டேன். பாருங்க, ஒண்ணுமே ஆகல. என்னமா செஞ்சிருக்கீங்க! இதையே திரும்ப மாட்டிடலாம் இல்ல?"

பல்செட்டுக்காரர் டப்பாவைத் திறந்தார். நான்கு பல்லும் அப்படியே இருந்தன. சாயம்கூடப் போகவில்லை. கீழே இரண்டு டைட்டானியம் திருகும் வளையாமல் நெளியாமல் நேராக இருந்தன. இரண்டு திருகுக்கும் நடுவே, அவற்றைக் கவ்விப் பிடித்தபடி, தங்கையின் எலும்பு ஒரு பெரிய துண்டாக வந்திருந்தது.

பல்லின் முன்பக்கத்தில், இடப்பக்கத்துக் கோணல் பல்லிலிருந்து பக்கத்துப் பல் வரை, மஞ்சளாக ஒரு கோடு ஓடியது.

டப்பாவை மூடிக் கையில் வைத்துக்கொண்டார். அவன் ஏதோ பேசிக்கொண்டே இருந்தான். இத்தனை நேரம் நாமும் மாப்பிள்ளை, அவர் என்று மரியாதை கொடுத்துக்கொண்டிருந்தோம். போதும்.

டாக்டரம்மா அறுவை அறையிலிருந்து வெளியே வந்து, அவரைத் தனியாக ஜன்னலோரம் அழைத்துப் போனார்.

"மேல்தாடை முன்பக்கம் முழுசா போயிருக்கு. மூக்கோட தளமும் உடைஞ்சிருக்கு. கம்பி போட்டுக் கட்டியிருக்காங்க. உயிருக்குப் பயமில்ல."

"திரும்ப இம்ப்ளான்ட்..."

"எதுல போடறது? எலும்பு உங்க கையிலதான இருக்கு." சொன்னபிறகு டாக்டரம்மா கண்ணை மூடித் திறந்தார். "இடுப்பெலும்புல இருந்து எடுத்து வெச்சுப் பார்க்கலாம், ஒரு வருஷம் போகட்டும். பிடிக்குமான்னு சொல்ல முடியாது. பிடிச்சாலும் அந்தக் குரல் வராது. பூச்சுப் பல்லா இருந்திருந்தா பல்லோட போயிருக்கும். அன்னிக்கு நீங்க வந்து நின்னப்ப நானும் விடாம கேட்டிருக்கணும்."

மறுநாள் சாயங்காலம் அவர் போனபோது தங்கையைத் தனி அறைக்குக் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். முகத்தில் கண்ணும் நெற்றியும்தான் வெளியே தெரிந்தன. மற்றதெல்லாம் கட்டு. மேல்தாடையையும் கீழ்த்தாடையையும் சேர்த்துக் கம்பியால் கட்டியிருந்ததால் வாயைத் திறக்க முடியாது. கைக்கருகில் ஒரு சின்ன நோட்டும் பென்சிலும் வைத்திருந்தார்கள்.

பல்செட்டுக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்தார். அவருக்கு அழுகை வந்தது. அதை அடக்கக்கூட அவருக்கு யோக்கியதை இல்லாததால் வந்தபடி வந்தது. மூக்கைச் சிந்திக்கொண்டு, "வீட்டுக்கு வந்துடும்மா," என்றார். "நம்ம வீட்டுக்கு. அங்க இனிமே போகவேணாம்."

அவள் பென்சிலை எடுத்தாள். எழுத நேரம் பிடித்தது. எழுதி நோட்டைத் திருப்பிக் காட்டினாள்.

"இப்பவா அண்ணா?"

அவர் அதைப் படித்தார். மறுபடி படித்தார். நோட்டை அவள் கையருகே பழையபடி வைத்தார்.

வாசலில் நிழலாடியது. சீருடையில் ஒரு பெண் போலீஸ் அதிகாரி நின்றிருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் போயிருக்க வேண்டும். அவர் இவரை வாசலுக்கு வெளியே வரச்சொல்லி, கையிலிருந்த தாளைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"நீங்க அண்ணனா? வீட்டுக்காரர் பாத்ரூம்ல விழுந்தாங்கன்னு சொல்றார். அவர் கைக்கட்டைக் கேட்டா, தூக்கும்போது குழாய்ல இடிச்சதாம். காலையிலேர்ந்து உங்க தங்கச்சிகிட்ட மூணு தடவை கேட்டுட்டேன். ஒரு எழுத்து எழுத மாட்டேங்கறாங்க. இப்படியே போனா விழுந்தாங்கன்னு எழுதிட்டு மூட வேண்டியதுதான். நாளன்னைக்கு டிஸ்சார்ஜ், அவரே கூட்டிட்டுப் போயிடுவார். உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

கூடத்தின் அந்தக் கோடியில் பெஞ்சிலிருந்து அவன் இங்கேயே பார்த்துக்கொண்டிருந்தான். இவர் திரும்பியதும் கைக்கட்டோடு கையை உயர்த்தி, என்ன விஷயம் என்பதுபோல் ஆட்டினான்.

பல்செட்டுக்காரர் டப்பாவைத் திறந்து நீட்டினார்.

"இந்தக் கோடு தெரியுதா? இது தங்கம். மோதிரம் உரசினது. அவன் விரல்ல இருக்கற மோதிரத்தைக் கழட்டிப் பாருங்க, இதே அகலத்துக்குத் தேய்ஞ்சிருக்கும். பாத்ரூம் தரையில விழுந்தா இந்தக் கோடு விழாது."

அதிகாரி டப்பாவை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். "மோதிரம்தான்னு எப்படி இவ்வளவு உறுதியா சொல்றீங்க?"

"முன்னாடியே பார்த்திருக்கேன்."

"எங்க?"

"இவ பல்லுலதான். இவனோட மோதிரம்தான்."

"எப்போ?"

அவருக்குத் தேதி தெரியும். ஒவ்வொரு அச்சின் அடியிலும் அவர் கையாலேயே தேதி எழுதி வைப்பது வழக்கம். நாள், மாதம், வருடம் எல்லாம் சொன்னார். அதிகாரி தாளில் குறித்துக்கொண்டார். குறித்துவிட்டு மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது.

"ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சே. அந்தத் துண்டு இப்ப எங்க? அதுவும் இருந்தா கேஸ் நிக்கும்."

பல்செட்டுக்காரர் அதிகாரியின் கையிலிருந்த டப்பாவைப் பார்த்தார்.

"அதை என்ன பண்ணீங்க?"

"பாலிஷ் போட்டேன்," என்றார். "கோடு போற வரைக்கும்."

அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"எழுதிக்கோங்க," என்றார் பல்செட்டுக்காரர். "நான் சொன்னதை அப்படியே எழுதுங்க. கையெழுத்துப் போடறேன்."

அறைக் கதவு திறந்தே இருந்தது. கட்டிலில் தங்கை கண்ணை மூடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.